மரத்தூள் நிரப்பிய தோட்டாக்கள்

செய்தி வந்தது பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால். ரப்பர் பால் வாளிகளை ஸ்டோரில் இறக்கிவிட்டு, பால் வெட்டும் பெண்கள் தங்கள் குழந்தைகளைப் பார்க்கப் பிள்ளைக் காம்பராவுக்கு வரும் நேரம் அது. அங்கே ஆயாவாக இருந்த ஹில்டா தரையில் உட்கார்ந்து, சளி பிடித்த ஒரு குழந்தைக்குத் திரிபோஷா மாவைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்து லொறி ஓட்டும் அப்துல் ரஸாக் நானா படியேறி வந்தார். லொறிச் சத்தம் இல்லாமல் அவர் நடந்து வந்ததே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"தங்கச்சி, அந்தப் புள்ளய கீழ வைங்க."

"இன்னும் ரெண்டு வாய்தான் நானா."

"வேற யாராச்சும் ஊட்டட்டும். நீங்க வைங்க."

குருவிட்டவிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்திருந்தது. அவள் கணவர் ரெஜினோல்ட் பஸ்ஸை விட்டு இறங்கி, கையிலிருந்த மரப்பெட்டியை ஒரு கடை வாசலில் வைத்து, கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. யாருடைய ஆள் என்று தெரிந்துகொள்வதற்காகப் பெட்டியைத் திறந்தவர்கள், உள்ளே ஒரு துவக்கைக் கண்டு, நிஜத் துப்பாக்கி என்று பயந்து பின்னால் நகர்ந்தார்களாம். பிறகுதான் அது மரத்தால் செய்து மஞ்சள் பெயின்ட் அடித்தது என்று தெரிந்ததாம். அப்துல் ரஸாக் இதையும் சேர்த்தே சொன்னார். இப்போது சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ரெஜினோல்டுக்கு ஐம்பத்தாறு வயது.

கேகாலைப் பக்கத்தில் உள்ள அந்த ரப்பர் தோட்டத்திலேயே பிறந்தவர் அவர். அப்பா பால் வெட்டியவர். ரெஜினோல்ட் ஸ்டோரில் புகை அறைக்கு விறகு தூக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு தச்சு வேலை பழகி, கதவு, ஜன்னல், சவப்பெட்டி என்று தோட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் செய்தார். சிங்களம் நன்றாகப் பேசுவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். சாகும்வரை அவர் ஒரு தடவைகூட நிஜத் தோட்டாவைச் சுட்டதில்லை. ஆனாலும் சுற்றியிருந்த தோட்டங்களில் 'துவக்கு ரெஜினோல்ட்' என்றால்தான் ஆளைத் தெரியும். அந்தப் பெயர் ஹில்டாவுக்குப் பிடிக்காது. அவருக்கும் பிடிக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

துவக்கு விஷயம் தொண்ணூற்று மூன்றில் தொடங்கியது. ஸ்டோரில் ரப்பர் ஷீட் களவு போகிறது என்று இராக்காவல்காரர்களுக்குத் தோட்டத்துத் துவக்கைக் கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் குழல் துவக்கு. காவல்காரர் ஐயாவு ஒருநாள் விடியற்காலையில் அதைச் சுவரில் சாத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நாய் உரசியது, துவக்கு சரிந்தது, வெடித்தது. அவருடைய முழங்கால் போயிற்று. வேலைக்கு முதல் ஆளாக வந்த ரெஜினோல்ட், பால் வடிகட்டும் துணியைக் கிழித்துக் காலைக் கட்டி, லொறியில் கூடவே போனார். கேகாலை ஆஸ்பத்திரி வரைக்கும் ஐயாவு ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சும்மாதான் சாத்தி வெச்சிருந்தேன் ரெஜினோல்டு. சும்மாதான் இருந்துச்சு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ரெஜினோல்ட் ஹில்டாவிடம், "சும்மா இருந்துச்சுங்கிறாரு. உள்ள தோட்டா இருந்தா எப்படிச் சும்மா இருக்கும்?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாராலும் 'சும்மா' என்று சொல்லிவிட்டுத் தப்ப முடிந்ததில்லை.

காலை இழந்தாலும் ஐயாவு பிழைத்துக்கொண்டார். காவல்காரர்களுக்கு வகுப்பு வைக்க வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொன்னார். பொலிசிலிருந்து ஒருவர் வந்து, நிஜத் துவக்கைக் கையில் பிடித்தபடி சிங்களத்தில் நீளமாகப் பேசினார். ரெஜினோல்ட் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முடிந்த பிறகு, ஐயாவுக்குப் பதிலாக வந்த இருளப்பனைப் பிடித்துக் கேட்டார்.

"என்ன வெளங்குச்சு?"

"வெளங்குச்சுண்ணே. துவக்கு பொல்லாதது."

"அது தெரியாமத்தான் வந்தீங்களா? வேற?"

"தொப்பியக் கழட்டிட்டு நிக்கணும்."

கையில் தொட்டுப் பழகாத ஒன்றைப் பற்றி வாயால் சொல்லிக் கொடுப்பதில் பயனில்லை என்று ரெஜினோல்ட் நினைத்தார். நிஜத்தைத் தொட்டுப் பழகினால் இன்னொரு ஐயாவுதான். எனவே பொய்யாக ஒன்று வேண்டும். பலாப் பலகையில் துவக்கின் பிடியைச் செதுக்கினார், குழலுக்குத் தண்ணீர்க் குழாய்த் துண்டு, நடுவில் மடக்கித் திறக்க ஒரு கதவுக் கீல். பிள்ளைக் காம்பராத் தொட்டில்களுக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை ஹில்டாவிடம் கேட்டு வாங்கிப் பூசினார். தார்ப் பீப்பா ஒன்றைப் பாதியாக வெட்டி, ஆற்று மணலை நிரப்பி ஸ்டோருக்குப் பின்னால் வைத்தார். துவக்கைத் திறப்பவனும் மூடுபவனும், அது நிஜமோ மரமோ, குழலை அந்த மணலுக்குள் பார்க்க வைத்துத்தான் செய்ய வேண்டும். இதற்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. கங்காணி ஒருவர் சிரித்துக்கொண்டே, "மரத் துவக்குக்குமா மணலு?" என்று கேட்டபோது, "கைக்கு மரமுன்னும் இரும்புன்னும் தெரியாதுங்க. பழக்கம் மட்டுந்தான் தெரியும்" என்றார்.

படங்கள் ஹில்டா வரைந்தவை. காவல்காரர்களில் பலருக்கு எழுத்து வராது. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை நாலாகக் கிழித்து, ஒன்றில் சுவரில் சாத்திய துவக்கு, ஒன்றில் சாராயப் போத்தல் பக்கத்தில் துவக்கு, ஒன்றில் துவக்கின் எதிரே குழந்தை, ஒன்றில் நாய். எல்லாவற்றின் மேலும் பெரிய சிவப்புக் குறுக்குக் கோடு.

"அக்கா, இது நாயா ஆடா?" என்றான் இருளப்பன்.

"கடிச்சா நாய்னு வெச்சுக்குங்க."

படம் வரைந்து கொடுத்தாளே தவிர, அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மழை நாளில் வகுப்பைப் பிள்ளைக் காம்பராவில் வைக்கலாமா என்று அவர் கேட்டபோது, "புள்ளைங்க படுக்குற எடத்துக்கு அந்தச் சனியன் வரக்கூடாதுங்க. மரத்துல செஞ்சதுன்னாலும்" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. மழை பெய்தால் வகுப்பு இல்லை.

அவர் மிகவும் மெனக்கெட்டது தோட்டாக்களுக்காகத்தான். அந்தத் துவக்கின் பின்பக்கத்தில் ஒரு சிறிய இரும்புக் குதிரை இருக்கும். அதை இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொட்டால், அது போய்த் தோட்டாவின் அடியில் தட்டும். சுட வேண்டியதில்லை என்றால், குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிதான். இதைப் பழக மரத் துவக்கு போதாது. நிஜத் துவக்கும் பொய்த் தோட்டாவும் வேண்டும். சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகளைச் சேர்த்து, உள்ளே மரத்தூளும் எடைக்குக் கொஞ்சம் பொடிக்கல்லும் போட்டு, அட்டை வட்டம் வைத்து மெழுகால் மூடினார். பித்தளை அடியின் நடுவில் குதிரை தட்டும் வட்டத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அங்கே ரப்பர்த் துண்டை அழுத்திப் பதித்தார். ரப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? பொய்த் தோட்டா என்று தெரிவதற்காக அந்த ரப்பர் வட்டத்தின் மேல் சிவப்புப் பெயின்ட் வைத்தார். செய்து முடித்ததும் நிஜத்தையும் பொய்யையும் இரண்டு கையிலும் வைத்து ஹில்டாவிடம் நீட்டினார்.

"எது எதுன்னு சொல்லு பாப்போம்."

அவளால் சொல்ல முடியவில்லை. அடியைத் திருப்பிச் சிவப்பைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஹில்டாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆயுத பூசை வந்தது. அந்தத் தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் எதையும் விட மாட்டார்கள். ரப்பர் உருட்டும் மிஷின், தராசு, பால் வெட்டும் கத்தி, லொறியின் நாலு சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்த வருடம் இருளப்பன், துவக்குக்கும் பூசை வைக்க வேண்டும் என்று ஆபீசில் அனுமதி கேட்டு, காவலுக்குக் கொடுக்கும் நாலு தோட்டாக்களையும் கூடவே வாங்கி வந்தான். ரெஜினோல்டின் பொய்த் தோட்டாக்களும் வாத்தியாரின் சாமான்தானே என்று அவற்றையும் டின்னோடு எடுத்து வந்து, எல்லாவற்றையும் ஒரே வாழையிலையில் பித்தளை அடி மேலே தெரியும்படி நிறுத்தி வைத்தான். பூசாரி தட்டோடு வந்தார். எதற்கும் வஞ்சகம் செய்யாமல், ஒவ்வொரு தோட்டாவின் பித்தளை அடியிலும், நட்ட நடுவில், ஒரு பொட்டு வைத்தார்.

ரெஜினோல்ட் வேதக்காரர், கிறிஸ்தவர். பொரி கடலை வாங்கத்தான் பூசைக்குப் போவார். அன்றைக்கு அதற்கும் போகவில்லை. பூசை முடிந்து இருளப்பன் தோட்டாக்களைப் பிரித்தபோது, பொட்டு வைத்திருப்பதெல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. நாலை ஆபீசுக்கும் மற்றதை அண்ணனின் டின்னுக்கும் அனுப்பினான். எண்ணிக்கை சரியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு. தோட்டத்துத் துவக்கைப் பார்வையிட வந்திருந்த பொலிஸ் சார்ஜன் ஒருவர், பொழுதுபோகட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை நீட்டவே கை கூசிய காலம். சார்ஜனின் முன்னால் இருளப்பனுக்கு வேர்த்தது. டின்னிலிருந்து ரெஜினோல்ட் எடுத்துக் கொடுத்த தோட்டாவை, குழலை மணலில் பார்க்க வைத்துப் போட்டு மூடினான். குதிரையை இழுத்தான். விரலால் பிடித்து இறக்கும்போது வழுக்கியது.

ஹில்டா பிள்ளைக் காம்பராவில் தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடினாள். ஸ்டோருக்குப் பின்னால் எல்லார் தலையிலும் மணல். இருளப்பன் மண்டியிட்டிருந்தான், துவக்கு தள்ளிக் கிடந்தது, சார்ஜன் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தார்.

"பொரு கியன்ட எபா! பொய் சொல்லாத! யார் குடுத்த?" என்று சார்ஜன் இரண்டு பாஷையிலும் கத்தினார்.

"சாமி சத்தியமா தெரியாதுங்க மாத்தயா."

"தமிழ் ஆள், பொலிசுக்கு முன்னுக்கு உண்மைத் தோட்டா போடுற. தெரியாதா?"

ரெஜினோல்ட் முன்னால் வந்து நின்றார். "அவருக்கு நான்தாங்க குடுத்தேன். டின்னு என்னுது. செஞ்சதும் நான். கொண்டுபோறதுன்னா என்னைக் கொண்டுபோங்க" என்று சிங்களத்தில் சொன்னார். அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் கேட்க முடியாது. சார்ஜனோ, "ரெண்டு பேரும் ஜீப்பில ஏறு" என்றார்.

டின் மணலில் கவிழ்ந்து கிடந்தது. ஹில்டா குனிந்து தோட்டாக்களைப் பொறுக்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. சிதறினால் பொறுக்குவது அவள் வேலை. அப்போதுதான் ஒன்றின் அடியில் இருந்த சிவப்பு, பெருவிரலில் ஒட்டியது. தினமும் காலையில் வரும் குழந்தைகளின் நெற்றியைத் துடைத்து முகம் கழுவி விடுபவள் அவள். அந்த நிறத்தையும், சந்தனம் காய்ந்த வாசனையையும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஏங்க," என்றாள் கணவரிடம். "இது பெயின்ட் இல்லீங்க. பொட்டு."

சார்ஜன் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அவர் கண்முன்னே ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒன்றின் குங்குமம் போயும் கீழே பெயின்ட் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. மூன்றாவதில் எல்லாம் போய் வெறும் பித்தளை பளபளத்தது. அதை அவள் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் மெல்லத் தரையில் வைத்தாள்.

"உங்க வீட்டுலயும் சாமிக்குப் பூ வெப்பீங்கதானே மாத்தயா," என்றாள். "எங்க ஆளுங்க எதுக்கும் பொட்டு வெச்சுருவாங்க. அன்னைக்கு லொறிக்கும் வெச்சாங்க."

சார்ஜன் அந்தப் பித்தளை வட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போய், காவலுக்கு வைத்திருந்த நாலையும் கொண்டுவரச் சொன்னார். அவற்றைத் துடைத்தபோது இரண்டில் பெயின்ட் தெரிந்தது. அதைக் கண்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு கிழமையா மரத்தூள் வச்சுத்தானா காவல் காத்த?" என்று இருளப்பனிடம் கேட்டார்.

"களவு ஒண்ணும் போகலைங்க மாத்தயா," என்றான் இருளப்பன். இன்னும் மண்டி போட்டபடியேதான் இருந்தான்.

சார்ஜன் அங்கேயே வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். ஜீப்பில் யாரும் ஏறவில்லை. அவர் நல்லவராக இருந்ததாலா, அன்றைக்கு அலுத்திருந்ததாலா என்று ஹில்டாவால் ஒருநாளும் தீர்மானிக்க முடிந்ததில்லை. வேறொருவர் நாற்காலியில் இருந்திருந்தால், எத்தனை துடைத்தும் பயனில்லாமல் போயிருக்கலாம். மணல் பீப்பா இல்லாமல் இருந்திருந்தால் ஓர் உயிரே போயிருக்கும், துடைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அன்று ரெஜினோல்ட் சாப்பிடவில்லை. இருளப்பனையோ பூசாரியையோ அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நெசம் மாதிரியே செஞ்சேன் பாரு, அதுதான் தப்பு. பொய்யின்னா பொய்யின்னு அதுவே சொல்லணும். நிறத்த நம்பக்கூடாது. நிறத்த யாரும் மேல பூசிரலாம்" என்றார். திங்கட்கிழமை கை ட்ரில்லை எடுத்து, ஒவ்வொரு பொய்த் தோட்டாவிலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சுண்டுவிரல் நுனி படியும் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே இருந்த தூளையும் கல்லையும் கொட்டிவிட்டார். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியும். இருட்டில் தடவினால் விரலுக்குத் தெரியும். எடை சரியில்லை, பார்க்க அழகில்லை. வகுப்பில் அதை அவர் இப்படித்தான் காட்டுவார்: "ஓட்டை இருந்தா பாடம். ஓட்டை இல்லாட்டி எமன்."

பக்கத்துத் தோட்டங்கள் கேட்டன. போர் நின்றிருந்த ஆண்டுகளில் காட்டுப்பன்றிக்காகப் பல தோட்டங்கள் துவக்கு வாங்கின. ரெஜினோல்ட் லீவு நாட்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்திலும் போயிருக்கிறார். பெட்டியைத் திறந்த சிப்பாய் மஞ்சள் துவக்கைத் தூக்கிப் பார்த்து, இது பிள்ளை விளையாட்டா என்று சிங்களத்தில் கேட்டானாம். "விளையாட்டில்ல மாத்தயா. விளையாடக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்க" என்றாராம். வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். ஆனால் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்ததை ஹில்டா பார்த்தாள்.

பத்து வருடத்தில் அவர் வகுப்பெடுத்த தோட்டங்களில் ஒருவருக்கும் கால் போகவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் அவருடைய கதவுகளையும் ஜன்னல்களையும் பற்றித்தான் பேசினார்கள். ஊன்றுகோலோடு வந்த ஐயாவு மட்டும் சவப்பெட்டியை எடுக்கும்வரை அதன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

தேவாலயத்தில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் இருளப்பன் வந்தான். குருவிட்டத் தோட்டத்தில் வகுப்பு நின்றுபோய்விட்டதாம். அண்ணனின் சாமானைக் கொடுத்தால் தானே போய் நடத்துவதாகச் சொன்னான். அடுத்து றக்வானவுக்கும் போக வேண்டுமாம்.

"உங்களால முடியுமா?"

"மண்டி போட்டு நின்னவனுக்கு மறக்குமாக்கா?"

ஹில்டா பெட்டியைத் திறந்தாள். மரத் துவக்கையும் படத் துணிகளையும் எடுத்து வைத்தாள். தோட்டாக்களை ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே பெட்டியில் போட்டாள். எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிந்தது.

இருளப்பன் ஜன்னல் கட்டையில் இருந்த பிஸ்கட் டின்னைக் கண்டான். "அதுலயும் இருக்குதே அக்கா."

றக்வானவுக்கென்று ரெஜினோல்ட் புதிதாகச் செய்தவை அவை. ரப்பர் பதித்திருந்தது, துளை போடும் இடத்தில் பென்சில் புள்ளியும் இருந்தது. ஹில்டா ஒன்றை எடுத்து வாசலில் பிடித்தாள்; வெளிச்சம் தெரியவில்லை. பிறகு டின்னோடு திரும்ப உள்ளே வந்தாள்.

"இது போகாது இருளப்பன்."

"நான் போட்டுக்கிறேன்கா. புள்ளி வெச்சுத்தானே இருக்கு."

"போட்ட பொறவு போகட்டும். இப்படியே இந்த வீட்ட விட்டு வெளிய போகாது."

அவன் வற்புறுத்தவில்லை. கை ட்ரில்லின் ஊசி முறிந்திருந்தது; புதியது ஒன்றைக் குருவிட்டவிலிருந்து வாங்கி வருவதாகத்தான் ரெஜினோல்ட் கடைசியாகக் கிளம்பிய அன்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேகாலையில் கிடைத்தால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு இருளப்பன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். ஹில்டா டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தத் தோட்டாக்களில் ஒன்றில் மட்டும் துளை பாதிவரை இறங்கியிருக்கிறது. முறிந்த ஊசி அதற்குள்ளேயே நிற்கிறது, மறுபக்கத்துக்கு வரவில்லை.